தாத்தா ஊருக்குச் செய்ததை மிகைப்படுத்தாமல் எழுதுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த உங்கள் தாத்தா போன பங்குனியில் காலமானார். 1986லும் 1996லும் பேரூராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஊருக்கு நூலகம் வந்தது, மேலத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, திருநெல்வேலி பஸ் ஊருக்குள் வந்து திரும்பியது எல்லாமே அவரால்தான் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். 1992 வெள்ளத்தின்போது கவுன்சிலராக முன்னின்று ஊருக்குச் சோறு போட்டார் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். வருஷ திதிக்கு ஒரு நினைவு மலர் போடுவதென்று வீட்டில் முடிவாகி, எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. கையில் இருப்பது ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய தாள்கள் மட்டும். ஆதாரத்தை எங்கே தேடுவது, ஆதாரம் கிடைக்காததை எப்படி எழுதுவது என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இவர்கள் சொல்வதெல்லாம் நிஜம்தானா, இல்லை இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும் வழக்கமா என்ற சந்தேகம். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் திருநெல்வேலி மாவட்டப் பேரூராட்சிகளில் எழுத்தராகச் சேர்ந்து செயல் அலுவலராக ஓய்வு பெற்றவன். உங்கள் தாத்தா போன்றவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகு தெரிந்த சில குடும்பங்களுக்கு இதுபோன்ற மலர்களைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே பேரூராட்சித் தாள்களைப் பற்றிச் சொல்வது நானே கையாண்டு தெரிந்துகொண்டது. நூலகம், போக்குவரத்துக் கழகம், குடிநீர் வாரியம் ஆகியவற்றின் உள்வேலை எனக்கு வெளியிலிருந்து தெரிந்ததுதான். அந்த இடங்களில் நான் சொல்வதை அங்கேயே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சின்ன ஊரில் பொதுக்காரியம் என்றால் பெரும்பகுதி அலைச்சல். அந்தக் காலத்தில் ஒரு வார்டு உறுப்பினருக்கு மாதச் சம்பளம் கிடையாது, தன் இஷ்டத்துக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரமும் கிடையாது. அவரால் முடிந்தது மனு எழுதுவது, நாலு பேரிடம் கையெழுத்து வாங்குவது, அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறுவது, அலுவலக வராந்தாவில் காத்திருப்பது, "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் அடுத்த வாரமும் போவது. பெரும்பாலானவர்கள் இரண்டாம் தடவையோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் வந்துகொண்டே இருந்த சிலரை எனக்குத் தெரியும், ஊர்களில் நடந்த வேலைகளில் பாதி அவர்களால் நடந்தவைதான். "நூலகத்தைக் கொண்டுவந்தார்" என்று ஒரே வரியில் முடித்தால் இந்த அலைச்சல் முழுக்க மறைந்துவிடுகிறது. மலரில் நீங்கள் பிடிக்க வேண்டியது இதைத்தான். எத்தனை தடவை போனார், யாரோடு போனார், கடையை யார் பார்த்துக்கொண்டார்கள், எந்த மனு திரும்பி வந்தது என்பதையெல்லாம் எழுதினால் அவர் தானாகவே தெரிவார். "தன்னலமற்ற", "கொடைவள்ளல்", "மக்கள் தொண்டர்" போன்ற பட்டங்கள் ஒன்றுகூட வேண்டியதில்லை.

தேடலை அந்தத் தகரப்பெட்டியிலிருந்தே தொடங்குங்கள். அலுவலகத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும், வீட்டில் இருப்பது வெறும் நகல்தானே என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் தலைகீழ். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிந்ததும் அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று குறிப்பார்கள். கடித எண்ணுக்கு முன்னால் ந.க. என்று இருந்தால் அது நடப்பில் உள்ள கோப்பு. ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. என்றால் மூவாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு. சாதாரண மனுக்கள் பெரும்பாலும் ஓ.மு.வில் முடிந்து, காலம் கடந்ததும் கழிக்கப்பட்டுவிடும். உங்கள் தாத்தா 1988ல் மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்த மனு இன்று ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் கார்பன் வைத்து எழுதி, அலுவலக முத்திரை போட்டு வாங்கி வைத்த நகல் பெட்டியில் இருந்தால், உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி அதுவாக இருக்கலாம். எந்தத் தாளையும் எறியாதீர்கள். ரப்பர் முத்திரையில் உள்ள தேதி, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு, பஸ் டிக்கெட் செருகியிருந்தால் அது, எல்லாவற்றையும் இருபக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துரு ஏறிய குண்டூசியை மெதுவாகக் கழற்றிவிடலாம், ஆனால் ஒன்றாகக் கட்டியிருந்த தாள்களைப் பிரித்துக் கலந்துவிடாதீர்கள். எது எதோடு சேர்ந்திருந்தது என்பதும் ஒரு தகவல்.

தேதி இல்லாத தாள்களுக்குக் காலம் கணிக்க நம் பக்கத்திலேயே சில நல்ல குறிகள் உண்டு. கடிதத் தலைப்பில் "நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்" என்றிருந்தால் அது 1986ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்ததற்குப் பிறகும், 1997ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்ததற்கு முன்பும் எழுதியது. "கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம்" என்ற தலைப்பும் 1997க்கு முந்தியதுதான். உறையில் 627 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. கர்ணம் அல்லது கிராம முன்சீப் கையெழுத்து இருந்தால் 1980 கடைசிக்கு முந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டு கடைசியில் அந்தப் பதவிகளையே எடுத்துவிட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டார்கள். நிலவரி ரசீதில் இருக்கும் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஜூலை மாதத்தின் ஆங்கில வருஷம் கிடைக்கும், பசலி 1400 என்றால் 1990 ஜூலை. கல்யாணப் பத்திரிகையிலோ கோயில் கல்லிலோ கொல்லம் ஆண்டு மட்டும் இருந்தால், ஆவணி முதல் மார்கழி வரை 824ஐயும் தை பிறந்த பிறகு 825ஐயும் தோராயமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். "சார்வரி" என்பது 1960ல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 2020ல் தொடங்கியதாகவும் இருக்கலாம்.

அடுத்தது பேரூராட்சி அலுவலகம். அங்கே நீங்கள் தேட வேண்டியது மன்றத் தீர்மானப் புத்தகம். மனுக்களைப் போல இதைக் கழிக்கக் கூடாது, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. அது விதி. கறையான், கட்டடம் மாறியது, மழை ஒழுகியது என்று பல ஊர்களில் இடைவெளி உண்டு, அதனால் கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதலில் நேரில் போய் செயல் அலுவலரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். நினைவு மலருக்காக என்றால் பலர் மனமுவந்து உதவுவார்கள். முடியாதென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு கொடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். "என் தாத்தா செய்த பணிகளின் விவரம் தருக" என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை, "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்து கதை முடிந்துவிடும். "1986 முதல் 1991 வரையிலும் 1996 முதல் 2001 வரையிலுமான மன்றத் தீர்மானப் புத்தகங்களைப் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. புரட்டிப் பார்த்து, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்கலாம்.

தீர்மானப் புத்தகத்தைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று இரண்டு பெயர் இருக்கும். தாத்தா பெயர் முன்மொழிந்தவர் இடத்தில் இருந்தால் உடனே அந்த வேலை அவர் யோசனை என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட பொருளுக்கு, கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் பெயரை மாற்றி மாற்றிப் போட்டு எழுதுவது அலுவலகங்களில் சகஜம். ஆகவே அந்த இடத்தில் பெயர் இருப்பது அவர் அன்று வந்திருந்தார், ஆதரித்தார் என்பதற்கு உறுதியான சான்று, அதற்கு மேல் இல்லை. மாறாக, அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்து விவாதித்ததாக ஒரு பொருள் இருந்தால் அது கனமான சான்று. அதைவிடக் கனமானது, அவர் ஒத்துக்கொள்ளாமல் எதிர்த்து எழுத வைத்த குறிப்பு. "இந்த வேலைக்கு மதிப்பீடு அதிகம், உறுப்பினர் இன்னார் ஆட்சேபிக்கிறார்" என்று ஒரு வரி கிடைத்தால் அதை அப்படியே மலரில் போடுங்கள். பத்துப் பக்கப் புகழுரை சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லும். திறப்பு விழாக் கல்வெட்டுகளையும் இதேபோல நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்லில் இருக்கும் தேதி ரிப்பன் வெட்டிய தேதி, வேலைக்கு முதல் மனு போனது அதற்குப் பல வருஷம் முன்னால் இருக்கலாம். உறுப்பினர்கள் பெயர் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இப்போது 1992 வெள்ளம். இதில் நீங்கள் கேட்ட செய்தியில் ஒரு பிழை நிச்சயம். 1986 தேர்தலில் வந்த மன்றங்களின் காலம் 1991ல் முடிந்துவிட்டது, அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. இடைப்பட்ட வருஷங்களில் தமிழ்நாடு முழுக்கத் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 1992 நவம்பரில் தாமிரபரணி கரை மீறியபோது உங்கள் தாத்தா கவுன்சிலராக இருந்திருக்க வழியில்லை. சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவரை இரண்டு தடவை கவுன்சிலராகப் பார்த்த நினைவு, இடையில் நடந்ததன் மேலும் ஏறிக்கொண்டது. திருத்தி எழுதும்போது தாத்தா குறைந்துவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். பதவி இல்லை, ஊருக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. அந்த நேரத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் தன் கடை அரிசியை எடுத்து உலை வைத்தார் என்றால், கவுன்சிலர் செய்தார் என்பதைவிட அது எவ்வளவோ பெரிய விஷயம். உண்மையைச் சரியாக எழுதினால் இறந்தவருக்கு நஷ்டம் வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நூலகம், குழாய், பஸ் மூன்றும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. நூலகத்தில் ஊர்க்காரர்களின் பங்கு நிஜமாகவே பெரிது. 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி உள்ளாட்சி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டுகிறது. ஆனால் சின்ன ஊரில் ஒரு பகுதிநேர நூலகம் வர வேண்டுமானால் வாடகையில்லாத இடம் காட்ட வேண்டும், மேசை நாற்காலி திரட்ட வேண்டும், புரவலர்களைச் சேர்க்க வேண்டும். அதற்கு அலைந்தவர்கள் இல்லாமல் அது நடக்காது. நூலகச் சுவரில் புரவலர் பெயர்ப் பலகை இருக்கும், நூல் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் முதல் புத்தகம் வந்த தேதி இருக்கும். இரண்டையும் நூலகரிடம் கேட்டுப் பாருங்கள். குழாய் விஷயம் வேறு. ஆற்றில் கிணறு இறக்கி, மேல்நிலைத் தொட்டி கட்டிக் கொண்டுவரும் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்தின் அளவில் முடிவாவது. ஒரு உறுப்பினர் அதைக் கொண்டுவந்தார் என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் கிளைக்குழாய் எந்தத் தெருவின் கடைசி வரை போகும், பொதுக்குழாய் எந்த முக்கில் நிற்கும் என்பது ஊர் அளவில் முடிவாவது. அங்கேதான் உறுப்பினர் சண்டை போடுவார். தாத்தாவின் வேலை அங்கே இருந்திருக்கும், அதை விசாரியுங்கள். பஸ் இருப்பதிலேயே சிக்கலானது. பணிமனை மேலாளர், சட்டமன்ற உறுப்பினர், சாலையின் அகலம், வசூல், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக மனு போட்ட தலைமையாசிரியர் என்று எத்தனையோ கைகள் சேர்ந்த பிறகுதான் ஒரு பஸ் ஊருக்குள் திரும்பும். பாபநாசம், சேரன்மகாதேவி பணிமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓட்டுநர், நடத்துநர் யாராவது உங்கள் ஊர்ப் பக்கம் நிச்சயம் இருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள். எழுத்துச் சான்று கிடைக்காவிட்டால் "பஸ்ஸுக்காக மனு கொடுத்து அலைந்தவர்களில் தாத்தாவும் ஒருவர்" என்று எழுதுவதே சரி. மற்றவர்கள் பெயரையும் சேர்த்து எழுதினால் அந்தக் குடும்பங்களும் மலரைத் தங்களுடையதாக நினைப்பார்கள்.

வாய்மொழியைப் பற்றி. நம் ஊரில் போய் "அண்ணாச்சி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுசன்லா" என்று சொல்லி காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "குழாய் வந்த அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?", "அந்த மனுவை எழுதினது யாரு, அவர் கையெழுத்தா வேற ஆளா?", "வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். வருஷம் கேட்டால் யாருக்கும் சரியாக வராது. சத்துணவு தொடங்கியது 1982, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர், வெள்ளம் 1992 நவம்பர் என்று எல்லோருக்கும் மறக்காத ஒன்றை வைத்து முன்னா பின்னா என்று கேட்டால் வரும். இரண்டு பேர் ஒரே சம்பவத்தைச் சொன்னால் இரண்டு சாட்சி என்று உடனே கணக்கு வைக்கவும் கூடாது. துக்க வீட்டிலும் பதினாறாம் நாளிலும் கூடி உட்கார்ந்து பேசும்போது ஒருவர் சொன்ன கதை பத்துப் பேரிடம் போய்ச் சேர்ந்துவிடும், ஒரு மாதத்தில் எல்லோரும் நேரில் பார்த்தது போலச் சொல்வார்கள். அதனால் "நீங்களே பார்த்தீங்களா, யாராவது சொல்லிக் கேட்டீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். துக்கத்துக்கு வராதவர்களிடம் கேட்பது இன்னும் நல்லது. அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கண்டிப்பாகப் போங்கள். தோற்றவர் ஒத்துக்கொள்ளும் நல்லதுக்கு மதிப்பு அதிகம்.

வழக்கமாக யாரும் போய்க் கேட்காத தெருவுக்கும் போங்கள். திருநெல்வேலிச் சீமையில் ஒரு ஊர் என்பது பல தெருக்கள், எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்" என்று மேலத்தெருவில் சொல்வார்கள். ஊரின் கடைசியில் இருக்கும் தெருவுக்கு அந்தத் தண்ணீர் எந்த வருஷம் போனது, அதற்கும் அவர் அலைந்தாரா என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அலைந்திருந்தால், அந்தத் தெருக்காரர் ஒருவர் சொல்வதை மலரின் முதல் பக்கங்களிலேயே போடலாம், அவருடைய பொதுவாழ்வை அளக்க அதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை. அலையவில்லை என்று தெரிய வந்தால், "ஊர் முழுக்க" என்று எழுதாமல் எந்தெந்தத் தெரு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இந்த விசாரணையைத் தவிர்த்துவிட்டு எழுதப்பட்ட மலர்கள் நிறைய. படிப்பவர்கள் வெளியில் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

எழுத்துச் சான்று உள்ளதையும் வழிவழியாகச் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத முடியுமா என்று தயங்கினால், நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843ல் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டினார் என்பது பதிவான வரலாறு. அவர் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்து உற்சாகப்படுத்தினார் என்பது நெல்லையில் தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதலாம், முதலாவதை "கட்டினார்" என்றும் இரண்டாவதை "கொடுத்ததாகச் சொல்வார்கள்" என்றும் எழுதினால் போதும். கன்னடியன் கால்வாயை வெட்டியவரைப் பற்றி இன்னும் விரிவான கதை உண்டு. கேரள அரசரிடம் கிடைத்த பொன்னை வைத்துக் கால்வாய் வெட்டினார், பசு போன வழியே வாய்க்கால் போனது என்பார்கள். அவருடைய பெயர் மக்கள் நினைவில் இல்லை, கன்னடியன் என்ற அடையாளம் மட்டும் நிற்கிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் வயல்களுக்கு அந்தத் தண்ணீர் இன்றும் பாய்கிறது. கதையைக் கதை என்று சொல்லி எழுதினால் அதன் அழகு குறைவதில்லை. உங்கள் மலரிலும் மூன்று விதமாக வாக்கியங்களை வைத்துக்கொள்ளுங்கள். தாள் உள்ளதற்கு "செய்தார்", நேரில் பார்த்தவர் சொன்னதற்கு அவருடைய சம்மதத்தோடு பெயர் போட்டு "இன்னார் சொல்கிறார்", மற்றதற்கு "ஊரில் சொல்வார்கள்". இந்த ஒழுங்கைக் கடைசிவரை விடாமல் காத்தால் படிப்பவர் முழு மலரையும் நம்புவார்.

இனி வீடு. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. உங்கள் கேள்வியில் ஆச்சியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, "ஆச்சி அதிகம் பேச மாட்டார்கள்" என்று. மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் ஆச்சியோடு உட்காருங்கள். தீர்மானப் புத்தகம் இன்னும் ஐந்து வருஷம் கழித்தும் இருக்கும். தாத்தா காலையில் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால் கடையை யார் திறந்தார்கள்? சிட்டை எழுதியது யார்? இருட்டிய பிறகு மனு எழுதச் சொல்லி வந்தவர்களுக்குக் காப்பி போட்டது யார்? "அவுக எங்க வீட்ல இருந்தாக" என்று ஒரு பேச்சு எழும், அதைப் பெருமையாகவோ புகாராகவோ நீங்களே முடிவுகட்டாமல் அப்படியே விட்டுக் கேளுங்கள். முதல் நாளே போனை முன்னால் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தால் பேச்சு நின்றுவிடும். காய் நறுக்கும்போதோ, சாயங்காலம் திண்ணையில் இருக்கும்போதோ, பெட்டியிலிருந்து ஒரு பழைய போட்டோவைக் காட்டி "இது யாரு ஆச்சி?" என்று கேட்டாலே போதும். இரண்டாம் மூன்றாம் தடவையில் அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் அப்பா, அத்தை, சித்தப்பாவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் மூத்தவர் சொல்வதுதான் எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். கடைக்காக யாராவது படிப்பை நிறுத்தியிருந்தால், அவர் சம்மதித்தால் அதுவும் மலரில் இருக்க வேண்டும். குடும்பத்தின் உழைப்பில்தான் அந்த மனுஷர் ஊருக்கு உழைத்தார், அந்தக் கணக்கை எழுதாத மலர் பாதி மலர்தான் என்பது என் திடமான கருத்து.

பெட்டியில் கடைக் கடன் நோட்டு இருந்தால் கவனமாக இருங்கள். வசூலிக்காமல் விட்ட கடன்கள் அதில் தெரியும், தாத்தாவின் மனதைக் காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை என்று தோன்றும். ஆனால் கடன் வாங்கியவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். பெயர், தொகை, அந்தப் பக்கத்தின் படம் எதையும் அச்சிடாதீர்கள். "பல கடன்கள் வசூலாகாமல் நோட்டிலேயே இருக்கின்றன" என்று சொன்னால் போதும். யாருக்கோ மகளிர் விடுதியில் இடம், யாருக்கோ முதியோர் உதவித்தொகை, யாருடைய வீட்டுச் சண்டையையோ சமாதானம் செய்தது என்று வரும் கதைகளுக்கும் இதே விதி. சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் எழுதுங்கள், இல்லையென்றால் ஊர், பெயர், அடையாளம் இல்லாமல் எழுதுங்கள், அதுவும் முடியாதென்றால் விட்டுவிடுங்கள். தாத்தா வாய்மூடிக் காத்ததை நாம் அச்சில் அவிழ்க்கக் கூடாது.

அவருடைய குறைகளை எழுதலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கோபக்காரர், ஒருவரோடு பல வருஷம் பேசாமல் இருந்தார் என்கிறீர்கள். மலர் ஒரு விசாரணை அறிக்கை இல்லை, எல்லாவற்றையும் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கே தெரிந்த கோபத்தை மறைத்து "சாந்த சொரூபி" என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே ஊர் புத்தகத்தை மூடிவிடும். கோபக்காரர் என்றே எழுதுங்கள். எதற்குக் கோபப்பட்டார் என்றும் எழுதுங்கள்.

வருஷ திதிக்கு இன்னும் நாலைந்து மாதம் இருப்பதால் தகவல் அறியும் மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள், பதில் வந்து பார்வையிட நாள் குறித்து நகல் வாங்கவே இரண்டு மாதம் ஆகலாம். அதற்குள் ஆச்சியிடமும் வயதானவர்களிடமும் பேசி முடிக்கலாம். அச்சுக்குப் போகும் முன் ஒரு படியை ஊரில் விவரம் தெரிந்த, குடும்பத்தில் சேராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அச்சான பிறகு உங்கள் ஊர் நூலகத்துக்கும் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள், இன்னும் முப்பது வருஷம் கழித்து உங்கள் ஊரைப் பற்றி எழுத வருகிறவர் அங்கேதான் தேடுவார். தீர்மானப் புத்தகத்தின் நகல் கிடைத்து, கையெழுத்தோ சுருக்கெழுத்தோ புரியவில்லையென்றால் படம் எடுத்து இங்கேயே கீழே போடுங்கள், படித்துச் சொல்கிறேன். மற்றவர்கள் பெயர் வரும் வரிகளை மட்டும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.